பத்துக்கு மூன்று

தாமரைச்செல்விக்கு முப்பத்தெட்டு வயதில் மூட்டுகளை அரிக்கும் முடக்குவாதம் வந்தது. மறு வருடமே, உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் லூபஸ் நோயும் சேர்ந்துகொண்டது. வெயில் பட்டால் முகம் சிவக்கும், காய்ச்சல் ஆளைச் சாய்க்கும். ஒன்றுக்குக் கொடுத்த மருந்து மற்றதைக் கிளப்பிவிட்டது.

அமெரிக்காவில் பிஸ்கட்டவே என்ற ஊரில் ஒரு மருந்துக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வேலை. திரவத்தை உறிஞ்சி அளந்து விடும் பிப்பெட்டின் பொத்தானைக் கட்டைவிரலால் நாள் முழுக்க அழுத்த வேண்டும். விரல் போனால் வேலையும் போய்விடும்.

ஒவ்வொரு முறையும் டாக்டர், வலி பத்துக்கு எத்தனை என்று கேட்பார். பத்து என்றால் பிரசவ வலி என்று அவளாகவே வைத்துக்கொண்டாள். பெரிய படிப்புப் படித்தவர் முன் ஓவென்று புலம்புவது ஈரோட்டில் அவள் வீட்டுப் பழக்கமும் இல்லை. "பரவாயில்ல" என்பதை அப்படியே ஆங்கிலமாக்கி, "நாட் பேட், டாக்டர். த்ரீ" என்பாள்.

ஏப்ரலில் டாக்டர் இரண்டு நோய்க்கும் பொருந்தும், நரம்பில் ஏற்றும் புதிய மருந்தை எழுதினார். இன்ஷூரன்ஸ் மறுத்தது. கடிதத்தை அவள் கணவன் பத்ரி படித்தான்.

"என்னங்க போட்டிருக்கான்?"

"பதினோரு விசிட்லயும் வலி மூணுதானாம். இவ்ளோ பெரிய மருந்து தேவையில்லையாம்."

"டாக்டர் கேட்டா மரியாதைக்கு அப்படித்தானுங்க சொல்லுவோம்?"

"காலைல பிரஷ் பிடிக்க முடியாம அழுதியே, அது மூணா? எங்கிட்ட கத்தறதுல பாதிய அவங்ககிட்ட கத்தியிருக்கலாம்ல!"

மகள் வெண்பா போனிலிருந்து நிமிர்ந்தாள். "அம்மா, யூ லைட் டு யுவர் டாக்டர்? பொய்யா சொன்ன?"

அடுத்த முறை அவள் ஒன்பது என்றாள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. டாக்டர் அதை எழுதி அப்பீல் செய்தார். மறுத்த பிறகு மட்டும் வலி எப்படி ஏறியது என்று கேட்டு, இன்ஷூரன்ஸ்காரர்கள் அதையும் தள்ளிவிட்டார்கள்.

ஜூலையில் கட்டைவிரல் மடங்க மறுத்தது. ஆய்வுக்கூடத்தில் வேறு ஆளைப் போட்டார்கள். எலும்பு அரிக்கப்பட்டிருப்பதை எக்ஸ்ரே காட்டிய பிறகுதான் மருந்துக்கு அனுமதி வந்தது.

முதல் தவணை மருந்து கையில் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தபோது அவள் டாக்டரிடம், "விரல் பழையபடி மடங்குமா?" என்று கேட்டாள்.

மற்ற மூட்டுகளைக் காப்பாற்றப் பார்க்கலாம், அரித்துப்போனது திரும்பாது என்றார் டாக்டர். பத்ரி அவள் முகத்தைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.