பதினோரு நாள் செல்லோ

"ஏன் பாப்பா, உங்க வீட்டுல யாருக்காவது இதெல்லாம் வருமா?" என்று என் செல்லோவைப் பார்த்து, வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டார் பின்வீட்டுக்காரர். தென்னந்தோப்பும் நஞ்சையும் உள்ள குடும்பம். அந்த நஞ்சையில் கூலிக்கு நாற்று நட்டவர்கள் நாங்கள்.

"டிகிரிகூட எங்க வீட்டுல யாருக்கும் வரலை சார். எனக்கு வந்துச்சு" என்றேன். அப்பா அவரை 'ஐயா' என்பார். எங்கள் வீட்டில் அவரை 'சார்' என்று கூப்பிட்ட முதல் ஆள் நான். அந்த ஒரு சொல்லுக்கே அவர் முகம் ஒரு மாதம் கோணிக்கிடந்தது.

தஞ்சாவூரில் ஒரு தனியார் பள்ளியின் அலுவலகத்தில் எனக்கு வேலை. அங்கே மேற்கத்திய இசை சொல்லித்தரும் டீச்சர் செல்லோ வாசிப்பதைக் கதவோரம் நின்று கேட்டேன். வயலின் ஜாதிதான், ஆனால் ஆளின் நெஞ்சளவு உயரம். நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி, வில்லால் இழுக்க வேண்டும். மறுவாரமே கற்கச் சேர்ந்துவிட்டேன். டீச்சரிடம் பழையவை இரண்டு இருந்தன. ஒன்று மரச் செல்லோ. வயிறும் பெரியது, குரலும் பெரியது. மற்றது எலக்ட்ரிக், வயிறே இல்லாத எலும்புக்கூடு. ஹெட்போன் மாட்டினால் வாசிப்பவளுக்கு மட்டும் கேட்கும்.

"ரெண்டையும் ஒரு மாசம் வச்சுப் பாருங்க. வேணாங்கிறதைத் திருப்பிக் குடுங்க" என்றார்.

மரச் செல்லோவைப் பெட்டியோடு டவுன் பஸ்ஸில் ஏற்றியபோது கண்டக்டர் கேட்டார்: "இது ஆம்பளையா பொம்பளையாம்மா? பொம்பளைன்னா டிக்கெட் வேணாம்."

"பொம்பளைதான் அண்ணே. குரல்தான் கொஞ்சம் கட்டை."

சிரித்துக்கொண்டே லக்கேஜ் டிக்கெட் கிழித்தார்.

எலக்ட்ரிக்தான் என்று மனதுக்குள் முடிவு செய்திருந்தேன். புதிதாகக் கற்பவள் எழுப்பும் சத்தத்தை ஊருக்குக் கேட்கவிட என் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. வீட்டுக்குள் வில்லை இழுத்தால் முழங்கை பீரோவில் இடித்தது. அதனால் கொல்லையில் நாற்காலி போட்டேன்.

அந்தக் கொல்லையில்தான் தகராறு. வீடு நிற்கும் மனைக்குப் பட்டா உண்டு; அப்பா சங்கத்தோடு கொடி பிடித்து, மறியலில் உட்கார்ந்து வாங்கியது. பின்னால் வாய்க்கால் வரையுள்ள இரண்டு சென்ட்டுக்கு மட்டும் பட்டா இல்லை. அது தன் தோப்போடு சேர்ந்தது என்று பின்வீட்டுக்காரர் ஒரு மனு, எங்களுடையது என்று அப்பா ஒரு மனு. இருபது வருடமாக அதில் ஆடு கட்டுகிறோம், துணி உலர்த்துகிறோம். ஆனால் ஆடு சாட்சி சொல்லாதே. இடம் யார் அனுபவத்தில் இருக்கிறது என்று பார்க்க வி.ஏ.ஓ. வந்தார்.

நான் ஹெட்போனோடு மும்முரமாக இழுத்துக்கொண்டிருந்தேன். வெளியே துளி சத்தம் இல்லை.

"இந்தப் பொண்ணு என்ன பண்ணுது?" என்று வி.ஏ.ஓ. கேட்டாராம்; அப்பா பிறகு சொன்னார்.

"சும்மா உக்காந்து கையை ஆட்டுது. இதுக்குப் பேரு அனுபவமா சார்?" என்றாராம் பின்வீட்டுக்காரர்.

வி.ஏ.ஓ. ஏதோ குறித்துக்கொண்டு, இன்னொரு விசாரணை இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். குறித்தது 'காலியிடம்' என்று பிறகு தெரிந்தது.

அப்பா அன்று சரியாகச் சாப்பிடவில்லை. "ஏர் ஓட்டுறதே நாலு பேரு பாக்கத்தாம்மா. யாரும் பாக்காம ஓட்டுனா அடுத்தவன் தன் நெலம்னுடுவான். நீ என்னடான்னா சத்தமே வராததை வச்சு இழுக்குற" என்றார்.

மறுநாள் மரச் செல்லோவை எடுத்தேன். அதன் அடியிலுள்ள கம்பியை மண்ணில் ஊன்றி வில்லை வைத்தேன். சேற்றில் மாட்டிக்கொண்ட எருமை கூப்பிடுவது போலிருந்தது. வாய்க்காலில் நின்ற கொக்குகள் எழும்பிப் போயின. அம்மா மிக்ஸியைப் போட்டாள், அரைக்க ஒன்றும் இல்லாமலே. வெட்கத்தில் காது எரிந்தது. ஆனாலும் தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் விடவில்லை. விரல் எப்போதாவது சரியான இடத்தில் விழுந்தால் அந்த மரம் அதிர்ந்து, என் நெஞ்செலும்பும் சேர்ந்து அதிர்ந்தது. எலக்ட்ரிக் எனக்கு அப்படி ஒன்றையும் தந்ததில்லை.

பன்னிரண்டாம் நாள் வி.ஏ.ஓ. அலுவலகத்துக்கு அழைப்பு வந்தது; அப்பாவும் நானும் போனோம். பின்வீட்டுக்காரர் என்மேல் மனு கொடுத்திருந்தார். அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது என்பதால் நான் வாங்கிப் படித்தேன். மனுவைக் கொஞ்சம் கனமாக எழுதினால்தான் எடுபடும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் உள்ள நம்பிக்கை. அவரும் அப்படியே எழுதியிருந்தார்: 'மேற்படி நபரின் மகள் மேற்படி இடத்தில் பல வருடங்களாக இரவு பகல் பாராமல் அமர்ந்து, காதால் கேட்கச் சகிக்காத சத்தம் எழுப்பி வருகிறார்.' சர்வே எண்ணும் சரியாக இருந்தது. கீழே கையெழுத்து.

நான் சத்தம் வர வாசித்தது பதினோரு நாள்.

'சகிக்காத' என்ற இடத்தில் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பிறகு 'பல வருடங்களாக' என்பதை இன்னொரு முறை படித்தேன்.

"சார், இதுல எனக்கு ஒரு நகல் வேணும்."

"எதுக்கும்மா?"

"எங்க மனுவோட சேக்கத்தான். அந்த எடத்துல நாங்க பல வருஷமா இருக்கோம்னு இவரே கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காரே."

வி.ஏ.ஓ. மனுவை வாங்கிப் படித்தார். இருமல் வந்தவர் போல வாயைப் பொத்திக்கொண்டார்.

எதிரே உட்கார்ந்திருந்த பின்வீட்டுக்காரர் எழுந்தேவிட்டார். "அது ஒரு பேச்சுக்கு எழுதுனது சார். பத்துப் பதினஞ்சு நாள்தான் இருக்கும். நான் வாபஸ் வாங்கிக்கிறேன்."

"பதிவேட்டுல ஏத்தியாச்சுங்களே" என்றார் வி.ஏ.ஓ.

"பத்து நாள் சத்தந்தானுங்களா ஐயா?" என்று அப்பா மிகப் பணிவாகக் கேட்டார். "அப்ப சகிச்சுக்கலாம்ல?"

முடிவு இன்னும் வரவில்லை. எங்கள் மனுவில் நான் பொய் எதுவும் எழுதவில்லை. அந்த வேலையை அவரே செய்துகொடுத்துவிட்டார். நகலை இணைத்து, தாலுகா அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகைச் சீட்டும் வாங்கியாயிற்று. திங்கட்கிழமை எலக்ட்ரிக் செல்லோவை டீச்சரிடம் திருப்பிக் கொடுத்து, மரம்தான் எனக்கு என்று சொல்லிவிட்டேன்.