முன்னால் ஆடிய மோட்டார் சைக்கிள்

காலை 8.10. சுங்கை பட்டாணி, பாக்கார் ஆராங்கிலிருந்து கிளம்பினோம். பாடாங் செராய் கோயில் மண்டபத்தில் பத்து மணிக்கு என் பேச்சு. தூரம் இருபத்தைந்து கிலோமீட்டர் சொச்சம்; வாடகைக் கார் முப்பத்தைந்து ரிங்கிட். கண்ணுக்கே தெரியாத கிரகங்களை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பது தலைப்பு. போன மாதம் என் சொந்த ஊரான ஈப்போவில் இதையே பேசினேன். முன்வரிசையே தூங்கிவிட்டது. இன்றும் தூங்கினால் இனி மேடை ஏறமாட்டேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு வந்திருந்தேன். அவள் மிகுந்த நம்பிக்கையோடு வழியனுப்பினாள்.

8.35. செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே, எங்களுக்கு முன்னால் ஒரு மோட்டார் சைக்கிள். சிவப்பு ஹெல்மெட், மஞ்சள் சட்டை, சாலையையே மறைக்கும் முதுகு. வண்டி இடமும் வலமுமாக ஆடிக்கொண்டே போனது.

“குடிச்சிருக்காரா?” என்றேன்.

“இல்ல சார். குடிச்சவன் கண்டபடி ஆடுவான். இவரு அளவா ஆடுறாரு. முன்னால கனமா ஏதோ தொங்குது லா. ஆறு கிலோ இருக்கும்,” என்றார் ஓட்டுநர் சேகர்.

“பார்க்காமலேயா?”

“ரோட்டுல உள்ள வெள்ளைக் கோட்டைப் பாருங்க சார். அதுலேர்ந்து எவ்வளவு விலகுறாரோ, அதை வெச்சு சொல்லிடலாம்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் பேச்சே இதுதானே! மோட்டார் சைக்கிள் ஒரு சந்தில் திரும்பி மறைந்தது.

10.05. கிரகம் சுற்றும்போது நட்சத்திரமும் கொஞ்சம் ஆடும். பின்னாலிருக்கும் தூரத்து நட்சத்திரங்கள்தான் வெள்ளைக் கோடு. ஆட்டத்தை நுணுக்கமாக அளந்தால் மறைந்திருப்பதன் எடை தெரிந்துவிடும் என்றேன். காலையில் பார்த்த மோட்டார் சைக்கிளைத்தான் உதாரணம் காட்டினேன். ஹெல்மெட், சட்டை, முதுகு, ஒன்றையும் விடவில்லை. ஒருவரும் தூங்கவில்லை. மண்டபமே சிரித்தது. கொஞ்சம் அதிகமாகவே சிரிக்கிறார்களே என்று திரும்பினால், மேடையில் பக்கத்து நாற்காலியில், வாசலில் என்னை வரவேற்ற கோயில் தலைவர், மஞ்சள் சட்டையில். நாற்காலிக்கடியில் சிவப்பு ஹெல்மெட். எங்கோ இருக்கும் நட்சத்திரத்தைப் பற்றிப் பேச வந்தவன், கைகுலுக்கிய ஆளைக் கவனிக்கவில்லை.

“எடைதான் தெரியும். அது என்ன பொருள் என்று இந்த முறையில் தெரியாது,” என்று அவசரமாகச் சமாளித்தேன்.

முன்வரிசையில் தலைவரின் மனைவி எழுந்தார். “எனக்குத் தெரியும் சார். டுரியான் பழம். இவருக்கு இனிப்பு நீர் இருக்கு, தொடவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. ஏங்க, கூட்டாளிங்களோட மண்டபத்துக்குப் பின்னால உக்காந்து சாப்பிடலாம்னு பார்த்தீங்களா?”

தலைவர் ஹெல்மெட்டைக் காலால் இன்னும் உள்ளே தள்ளினார்.

12.30. தலைவரின் மனைவி உத்தரவுப்படி மூன்று டுரியானும் எங்கள் காரில் ஏறின. வீட்டு அலமாரிக்குப் பின்னால் மனைவிக்குத் தெரியாமல் லட்டு வைத்திருப்பவன் நான். என்னைப் போன்ற ஒருவரை இப்படிக் காட்டிக்கொடுத்தது எனக்கே பொறுக்கவில்லை. கார் ஜன்னலருகே வந்த தலைவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

“பரவால்ல சார். பேச்சு நல்லா விளங்குச்சு,” என்றவர், மனைவி தூரத்தில் நிற்கிறாரா என்று பார்த்துவிட்டுக் குனிந்தார்.

“இனிமே கார்ல எடுத்துட்டு வரேன். ஆடாது.”