உலக்கை இழுத்த ஓடை

எழுத்து என் வேலை இல்லை. பத்தாவது வரை படித்தேன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் மளிகைச் சீட்டும் ரேஷன் கார்டு மனுவும்தான். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நிற்பேன். இப்படிப்பட்டவள் ஒரு ஓடையைப் பற்றி எழுத உட்காருவது அதிகப்படிதான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். போன மாதம் அந்த ஓடைக்கு மறுபடியும் போக நேர்ந்தது. அதிலிருந்து மனசு அங்கேயே நிற்கிறது.

எங்களுக்கு மரக்காணம். அப்பாவுக்கும், அப்பாவின் தங்கையான என் அத்தைக்கும் உப்பளத்தில் வேலை. அளத்தில் மேடு பள்ளம் கிடையாது. ஒரு மைலுக்கு அப்பால் வருகிறவர் யார் என்று நடையை வைத்தே சொல்லிவிடலாம். அதனால், பெரிய முதலியார்சாவடிக்கு மேற்கே நிலம் பிளந்து கிடக்கிறது, அதற்குள் இறங்கி நடக்கலாம் என்று கேள்விப்பட்டபோது என்னால் நம்பவே முடியவில்லை. அப்போது எனக்கு எட்டு வயது.

அங்கே போகக் காரணம் அத்தையின் கல்யாணம். செம்மண் பக்கத்தில் முந்திரிக்கொல்லை வைத்திருந்த குடும்பம் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தது. அத்தையைத் தவிர எல்லாரையும் சம்மதமா என்று கேட்டாகிவிட்டது. தட்டு மாற்றுவதற்கு முன் அவர்கள் வீட்டு வழக்கம் ஒன்றுதான் பாக்கி. ஓடையின் தலைமாட்டில் கசிகிற ஊற்றுத் தண்ணீரைப் பெண் வீட்டார் கையால் அள்ளிக் குடிக்க வேண்டும். முதலில் பெண் வீட்டுச் சிறுமி, அப்புறம் கல்யாணப்பெண். இரண்டு பேருக்கும் உப்புக் கரித்தால் சம்பந்தம் கிடையாது. அந்தச் சிறுமி நான்.

எங்கள் பக்கம் நல்ல காரியத்துக்குப் போனால் உப்புதான் முதலில் போகும். அன்று காலை பாத்தியில் வாரிய புது உப்பை, ஈரம் காயும் முன்பே மஞ்சள் துணியில் முடிந்து அப்பா என் கையில் கொடுத்தார். சடங்கு முடிந்ததும் மாப்பிள்ளை வீட்டில் சேர்க்க வேண்டிய உப்பு. "கீழ வைக்கக் கூடாது, தெரிஞ்சுதா?" என்றார். அம்மா தம்பியோடு வீட்டில் இருந்துகொண்டாள். நாங்கள் மூன்று பேர் பஸ் ஏறினோம். வழியெல்லாம் அந்த முடிச்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தேன்.

மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் பஸ் நிறுத்தத்தில் காத்திருந்து அழைத்துப் போனார்கள். முந்திரி மரங்களுக்கு நடுவே நடந்துகொண்டே இருந்தோம். திடீரென்று தரை இல்லை. கீழே பார்த்தால் சிவப்பாக ஒரு பள்ளம், வளைந்து வளைந்து கிழக்கே கடல் பக்கமாகப் போனது. உள்ளே இறங்கியதும் இரண்டு பக்கமும் மண் சுவர் பனை உயரத்துக்கு நின்றது. மழை வழிந்த தடம் புடவைக் கொசுவம் மாதிரி மடிப்பு மடிப்பாக இருந்தது. மேலே மரங்களின் வேர்கள் பிடிக்க மண் இல்லாமல் காற்றில் தொங்கின. சுவரில் இருந்த பொந்துகளில் பச்சைக் குருவிகள் நுழைந்து நுழைந்து வந்தன.

"இதை யாரு தோண்டினாங்க?" என்று கேட்டேன்.

"யாரும் தோண்டலம்மா. உலக்கை இழுத்த தடம் இது" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. "எங்க வம்சத்துக்குக் கடலோரத்துல இருந்து ஒருத்தி வாக்கப்பட்டு வந்தா. வந்த நாள்ல இருந்து அழுகைதான். ஒரு நாள் மழையில, நெல்லு குத்திட்டு இருந்தவ உலக்கையைக் கூட கீழ போடாம, அப்படியே இழுத்துக்கிட்டுக் கடலைப் பார்த்து நடந்துட்டா. உலக்கை போன வழியெல்லாம் நிலம் பிளந்துடுச்சு."

"கிளை கிளையாப் பிரியுதே, அது?"

"அங்கங்க திரும்பிப் பார்த்து நின்னா இல்ல, அந்த இடம்."

"கடலுக்குப் போய்ச் சேர்ந்தாளா?"

"யாரு கண்டா. கிளம்பின இடத்துல அவ கண்ணீர் ஊறிக்கிட்டே இருக்குது. எங்க வீட்டுல தங்குறவளுக்குத் தித்திக்கும். ஓடுறவளுக்கு உப்புக் கரிக்கும். இதுவரைக்கும் வந்த மருமகளுங்க எல்லாருக்கும் தித்திப்புதான்."

"எதுக்கு அழுதாளாம்?" என்று கேட்டாள் அத்தை.

"அதை யாரும்மா கேட்டாங்க? சொல்லாம போனா பாரு, அதைச் சொல்லு" என்றார் அந்த அம்மா.

மாப்பிள்ளை முன்னால் போய் முள்ளை ஒதுக்கி வழி விட்டார். அவர் நல்ல மாதிரியாகத்தான் தெரிந்தார். ஆனால் அத்தை "இந்த மரம் என்ன மரம்?" என்று அவரைப் பார்த்துக் கேட்டபோது கூட அவருடைய அம்மாதான் பதில் சொன்னார்.

ஊற்று பெரிதாக ஒன்றும் இல்லை. சுவரின் அடியில் ஒரு விரல் பருமனுக்குத் தண்ணீர் வடிந்தது. உப்பு முடிச்சை அப்பா வாங்கிக்கொண்டார். துணியின் அடிப்பக்கம் நனைந்திருந்தது. "அளத்துத் தண்ணியை நாக்குல வச்சே பதம் சொல்லிடும் இது. இது நாக்கு தப்பாதுங்க" என்று சம்பந்தியிடம் பெருமை பேசினார்.

அள்ளிக் குடித்தேன். எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள்.

"உப்பு" என்றேன்.

அப்பாவின் முகம் சுருங்கியது. அந்த அம்மா குனிந்து தானும் ஒரு வாய் குடித்துப் பார்த்தார். "நல்லாத்தானே இருக்குது? குழந்தைக்கு என்ன தெரியும். நீ குடிம்மா" என்றார்.

அத்தை குடித்தாள். அவசரப்படாமல் விழுங்கினாள். பிறகு தண்ணீர் அள்ளாத என் இன்னொரு கையைப் பிடித்து உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். ரேகையெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது. என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, அந்தக் கையைத் தன் கைக்குள் மூடிக்கொண்டாள்.

"குழந்தை சொல்றது சரிதாங்க. கரிக்குது" என்றாள்.

அந்த அம்மா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு மேலே ஏறத் தொடங்கினார். மாப்பிள்ளை அப்போதும் முள்ளை மட்டும் எங்களுக்காகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அப்பா தன் துண்டை ஒரு குழாயில் நனைத்து வந்து என் இரண்டு கையையும் துடைத்துவிட்டார். அத்தையை ஒரு முறை பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுவார் என்று பயந்திருந்த எனக்கு வேர்க்கடலைப் பொட்டலம் வாங்கித் தந்தார்.

என் நாக்கால் ஒரு கல்யாணம் நின்றது என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். இரண்டு வருஷம் கழித்து அத்தை அனுமந்தையில் தனக்குப் பிடித்த ஒருவரைக் கட்டிக்கொண்டு நன்றாகவே இருக்கிறாள். ஆனாலும் எனக்கு அந்த எண்ணம் போகவில்லை. யாராவது எதையாவது கொடுத்து எப்படி இருக்கிறது என்று கேட்டால், வாயில் வைக்கும் முன்பே நல்லா இருக்குது என்று சொல்லிவிடுவேன்.

இப்போது ஆரோவில்லில் ஒரு சமையற்கூடத்தில் வேலை செய்கிறேன். போன மாதம் என்னோடு வேலை செய்கிறவர்கள் ஓடையைப் பார்க்கக் கூட்டிப் போனார்கள். சுவர் அங்கங்கே சரிந்திருக்கிறது. பிள்ளைகள் நின்று போட்டோ எடுக்கிறார்கள். ஊற்று மட்டும் அப்படியே வடிகிறது. மற்றவர்கள் முன்னால் போகட்டும் என்று நின்று, அள்ளிக் குடித்தேன்.

தித்தித்தது. குனிந்து என் வெறும் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு அந்த வெள்ளைப் பூப்பு என்ன என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. கரித்தது என் கைதான் என்று அத்தைக்குத் தெரிந்திருக்கிறது. துண்டை நனைத்து வந்த அப்பாவுக்கும் தெரிந்திருக்கிறது. ஓடையில் நான் பயந்துவிட்டேன் என்று நினைத்துத்தான் அத்தை என் கையை மூடிப் பிடித்தாள் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

அன்று பெண் வீட்டாராக ஓடைக்குப் போய் வந்த மறுநாள் திங்கட்கிழமை. அத்தை வழக்கம்போல அளத்துக்குப் போனாள். திரும்பி வந்த அந்த உப்பை அம்மா ஜாடியில் கொட்டி, ஒரு கை எடுத்துக் குழம்பில் போட்டாள்.