திருஷ்டி பொம்மைக்குப் பாதுகாப்பு வகுப்பு

நீடாமங்கலத்துக்கு வெளியே, வயலை மேடாக்கி ஒரு கல்யாண மண்டபம் எழும்பிக்கொண்டிருந்தது. மூன்று பக்கமும் சம்பாப் பயிர். காற்று வந்தால் பச்சை முழுக்க எழுந்து ஓடும். பார்த்துக்கொண்டிருக்கிற எனக்கும் கால் நிலைகொள்ளாது. காண்ட்ராக்டரிடம் நான் சேஃப்டி ஆபீசர். ஹெல்மெட், பெல்ட், சாரம் என்று சைட் சைட்டாக பைக்கில் அலைகிற வேலை.

முதல் நாள் காலை எல்லாரையும் நிற்கவைத்து ஆரம்பித்தேன்.

"பெல்ட் இல்லாம மேல ஏறி, அங்கேருந்து விழுந்தா..."

மேஸ்திரி இருமினார். இருமல் வராத இருமல். ஜல்லிக் குவியலுக்குப் பின்னால் என்னைத் தனியாகக் கூட்டிப்போனார்.

"சார், கல்யாணம் நடக்கப்போற எடம். அந்த வார்த்தைய இங்க சொல்லாதீங்க, பலிச்சிடும். அதுவும் நம்ம சென்ட்ரிங் தம்பி பொண்டாட்டி மாசமா இருக்கு. அவன் காதுல விழுந்தா என்ன ஆவும்?"

சொன்னதே தெரியாமல் சொல்லி முடித்தார். காதில் விழுவது கணக்கில் வராது போலிருக்கிறது.

அன்று மத்தியானமே உப்பும் மிளகாயும் எல்லாருக்கும் சுற்றி அடுப்பில் போட்டார்கள். நெடியே வரவில்லை. அவ்வளவு திருஷ்டி என்று எல்லாரும் ஒருசேர என்னைப் பார்த்தார்கள்.

மறுநாள் சுற்றி வளைத்துப் பார்த்தேன். "கொக்கிய மாட்டலேன்னா மேலேருந்து... கொஞ்சம் சீக்கிரமா கீழ வந்துடுவீங்க."

"நல்லதுதானே சார்," என்றார் சித்தாள் அக்கா. "தெனம் இதுங்க எறங்கி வர்றதுக்குள்ள டீ ஆறிப்போவுது."

விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்த விழுதலுக்கும் தடையில்லை.

என்னால் சிரிக்க முடியவில்லை. சென்ட்ரிங் தம்பி பெல்ட் போடுவான், கொக்கியை எதிலும் மாட்ட மாட்டான். அது அவன் பின்னால் மாட்டு வால் போல ஆடிக்கொண்டிருக்கும். மூன்றாம் மாடி விளிம்பில் குந்தி அவன் கான்கிரீட்டைத் தாங்கும் பலகைக்கு ஆணி அடிக்கும்போது, அவனுக்கும் தரைக்கும் நடுவில் வெறும் வயல்காற்று. கேட்டால், "பெல்ட்டு போட்டிருக்கேன்ல சார்?" கொக்கி மாட்டாத பெல்ட் வெறும் அரைஞாண்கயிறு. அடுத்து என்ன நடக்கும் என்று அவனுக்குச் சொல்ல வேண்டும். இத்தனை பெரிய தமிழில் அந்த ஒரு வார்த்தைதான் பூட்டிக்கிடந்தது.

மேஸ்திரியிடம் முறையிட்டேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு மேலே கை காட்டினார். முதல் மாடி உத்திரத்தில் திருஷ்டி பொம்மை. வைக்கோல் உடம்பு, யாரோ கழித்துப்போட்ட பேண்ட், சுண்ணாம்புப் புள்ளி வைத்த சட்டி முகம், அதில் ஒரு பெரிய மீசை.

"சொல்லியே ஆவணும்னா அவன்கிட்ட சொல்லுங்க. கெட்டதெல்லாம் வாங்கிக்கத்தானே தொங்குறான்."

அடுத்த காலையிலிருந்து பொம்மைக்கு வகுப்பு. மதகைத் தூக்கிவிட்ட மாதிரி அந்த வார்த்தை கொட்டியது.

"கொக்கிய மாட்டாம நிக்கிறியே, விழுவடா. விழுந்தா இடுப்பு ஒடியும், மண்டை பொளக்கும். ஒம் பொண்டாட்டிய யாருடா பாத்துப்பா?"

ஒருவர்கூட என் பக்கம் திரும்பவில்லை. ஒருவர்கூட நகரவும் இல்லை.

"அவனுக்கு இன்னும் கல்யாணம் ஆவல சார்," என்றான் தம்பி, எனக்கு முதுகைக் காட்டியபடி.

"மண்டபம் முடியட்டும். மொதக் கல்யாணம் அவனுக்குத்தான்," என்றார் அக்கா.

மண்டபத்துக்குச் சொந்தக்காரர் சிங்கப்பூரில் இருக்கிறவர். குடும்பத்தோடு பார்க்க வந்த அன்று வகுப்பு உச்சத்தில் இருந்தது.

"யாரு அவரு?"

"சேஃப்டி சாருங்க," என்றார் மேஸ்திரி.

"யார்கிட்ட பேசுறாரு?"

"வேலையாளுகிட்டத்தாங்க."

அவர் பிள்ளைகளை மெதுவாக அந்தப் பக்கம் ஒதுக்கிக்கொண்டார்.

ஐப்பசி ஈரத்தில் ஒரு நாள் மேலே பலகை வழுக்கியது. சத்தம் கேட்டு ஓடினோம். சேற்றில் பலகை மட்டும் கிடந்தது. தம்பி, பொம்மைக்கு நேர் மேலே, பொம்மையைப் போலவே கயிற்றில் மெல்லச் சுழன்றுகொண்டிருந்தான். காற்று இரண்டு பேரையும் ஒரே பக்கம் திருப்பியது.

எந்த வினைச்சொல்லை வைத்துக் கேட்பது?

"தம்பி," என்றார் மேஸ்திரி கடைசியில், "என்னடா பண்ற?"

"ஒண்ணுமில்ல மேஸ்திரி. தொங்குறேன்."

இழுத்து உள்ளே எடுத்தோம். பெல்ட்டின் கால் வார் இறுகிய இடத்தில் தொடை சிவந்திருந்தது, வேறொன்றும் இல்லை. அக்கா டீயை அவன் கையில் திணித்தார். எப்போதிலிருந்து கொக்கி மாட்டுகிறாய் என்று கேட்டேன்.

"தெனம் அவனப் போட்டு அந்தத் திட்டு திட்றீங்க. அவனும் மாட்டுற வழியக் காணோம். பாவமா இருந்துச்சு சார். சரி, நம்மளாவது மாட்டுவோம்னு..."

அவன் போன் அடித்தது. வீட்டிலிருந்து அவன் மனைவி. எல்லாரும் அவன் வாயையே பார்த்தோம். மேஸ்திரி உதட்டில் விரலை வைத்து அவனைக் கெஞ்சினார்.

"ஒண்ணுமில்லம்மா," என்றான். "இப்பத்தான் எறங்குனேன்."