ஈஸிசேர் கிடந்த இடம்

அப்பாவை நாங்கள் அத்தா என்போம். அத்தா மவுத்தானதும், அம்மா இத்தா இருந்த மாதங்களில் பேகம்பூர் வீட்டிலிருந்தே வேலை பார்த்தேன். கணவனை இழந்தவர் காக்கும் அந்தத் துக்க காலம் முடியும்வரை அம்மா வாசலைத் தாண்டக் கூடாது. முடிந்ததும் என்னோடு பெங்களூருக்கு அழைத்துப் போவதாகப் பேச்சு.

விண்கலம் ஒரு நட்சத்திரத்தின் இடத்தைத் திரும்பத் திரும்ப அளந்து அனுப்பும். அதை வைத்துக் கணக்குப் போடுவது என் வேலை. தனிக்கட்டை நட்சத்திரம் நேர்கோட்டில் நகரும். மயிரிழை தள்ளாடினால், கண்ணுக்குத் தெரியாத கோள் ஒன்று அதை இழுக்கிறது என்று அர்த்தம். என் நட்சத்திரம் தள்ளாடியது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

"ஒரு சுத்துக்கு ஏறக்குறைய ஒரு வருஷமா? அப்ப நம்பாதீங்க," என்றார் கூட வேலை பார்ப்பவர் போனில். பூமி சூரியனைச் சுற்றவும் அதே ஒரு வருடம்தான். பூமியோடு சேர்ந்து ஆடும் நம் ஆட்டத்தைச் சரியாகக் கழிக்காவிட்டால் அது நட்சத்திரத்தின் ஆட்டமாகத் தெரியும். இம்புட்டு நாளாக மனப்பால் குடித்தேனா என்று எரிச்சலாக வந்தது.

அப்போது அம்மா டீ கொண்டுவந்தார். கூடத்தின் நடுவே வந்ததும் எதையோ சுற்றிக்கொள்வதுபோல் வளைந்து நடந்தார். அத்தாவின் ஈஸிசேர் கிடந்த இடம் அது. நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதியபோதே அதை யாருக்கோ கொடுத்துவிட்டோம். இப்போது வெறும் தரை, மத்தியான வெயில்.

"நேரா வாம்மா. அங்க என்ன இருக்கு?"

"அத்தா கால நீட்டியிருக்காகல்ல," என்றார், வெகு சாதாரணமாக.

அம்மாவுக்குப் புத்தி பிசகிவிட்டதோ, இந்த வீட்டைவிட்டுப் பெயர்த்தால் என்ன ஆவாரோ என்று பயந்தேன். அதன்பின் அவர் நடையையே வேவு பார்த்தேன். ஒருமுறைகூடத் தவறாமல் வளைந்தார்.

கிளம்பிய காலையில் கூடத்தைக் கழுவிவிட்டிருந்தோம். நான் அடுப்படிக்குப் போய் கேஸை மூடிவிட்டு வந்தேன். கிளம்பும் அவசரத்தில் அம்மா பையைத் தூக்கிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார். நேராக, அந்த இடத்தை நோக்கியே.

"அம்மா, அத்தா காலு!"

கத்தியது நான்தான். அம்மா அங்கேயே நின்று திரும்பினார்.

"நீ மொத நாள்லருந்து வெலகி வெலகிப் போனியேப்பா. ஒன் கண்ணுக்கு அத்தா தெரியிறாகளாக்கும்னுதான் நானும் வெலகுனேன். எனக்கு அங்க ஒண்ணுமே தெரியலப்பா." அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "எனக்குந் தெரிய மாட்டாகளான்னு தெனமும் பாத்தேன்."

ஈரத் தரையைப் பார்த்தேன். அடுப்படியிலிருந்து வந்த என் காலடித் தடங்கள் கூடத்தின் நடுவில் வளைந்து போயிருந்தன.

சாவியை எடுத்துக்கொண்டு, நேராக நடந்துவிடலாம் என்றுதான் காலை எடுத்து வைத்தேன். முடியவில்லை. சுற்றித்தான் போனேன்.