ஒன்பது கதிரைகள்

இது நடந்தது. நாளும் நேரமும் என் குறிப்பேட்டில் இருக்கின்றன. நம்பாதவர்கள் இந்த வரியோடு நிறுத்திக்கொள்ளலாம். யாரையும் நம்பவைப்பது என் வேலையாக ஒருபோதும் இருந்ததில்லை. என் வேலை கேட்பது. அதையும் இப்போது விட்டுவிட்டேன்.

வெள்ளவத்தையில், கடல் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், தையல் கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. பெயர்ப்பலகை கிடையாது. குற்றங்களால் பாதிக்கப்பட்டவர்களும் அவற்றைக் கண்ட சாட்சிகளும் அங்கே வருவார்கள். வழக்குக்கு முன் அவர்களோடு உட்கார்ந்து, நீதிமன்றம் எப்படி இருக்கும், யார் எங்கே நிற்பார்கள், கை நடுங்கினால் என்ன செய்வது என்று பழக்குவது என் பொறுப்பு. என்ன சொல்ல வேண்டும் என்று மட்டும் சொல்லிக்கொடுக்கக் கூடாது.

நான் அதிகம் பேசுகிறவன் அல்ல. வீட்டில் புத்தகங்கள், அலுவலகத்தில் மௌனம். வருகிறவர் பேசும்வரை காத்திருப்பேன். பதினைந்து நிமிடம், அரை மணி, சில நாட்களில் அதற்கும் மேல். எப்போதும் மற்றவர்தான் முதலில் வாய் திறப்பார். அதில் எனக்கு ஒரு கர்வமும் இருந்தது.

முன்மேசையில் இருந்த நிம்றா கேலி செய்வாள். "சேர்ட ரூமுக்குள்ள ஆள் ஈக்கா இல்லயா எண்டு கண்ணாடியால பாத்தாலும் வெளங்காது. ஒரு ரேடியோவாவது போடுங்க."

பழனியம்மா அங்கே வந்தது போன வருடம் ஒக்டோபரில். வயது நாற்பது இருக்கும். ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து கொழும்புக்கு வந்து, கொட்டாஞ்சேனையில் ஒரு மாடிக் குடியிருப்பில் வீட்டு வேலை செய்தாள். அந்தக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் ரதி என்ற இளம் பெண் கொலை செய்யப்பட்ட மாலை, படியில் இறங்கி வந்தவனின் முகத்தைப் பழனியம்மா பார்த்துவிட்டாள். வாசலில் காவலுக்கு இருந்த பதியுதீன் என்ற முதியவரும் பார்த்தார். ஆனால் ஒரு கணம்தான். நன்றாகப் பார்த்தவள் இவள். சந்தேகத்தில் பிடிபட்டவன் விளக்கமறியலில் இருந்தான்; அவனுடைய ஆட்கள் வெளியே இருந்தார்கள். வியாழக்கிழமை காலை பத்து மணிக்குப் புதுக்கடை நீதிமன்றத்தில் அடையாள அணிவகுப்பு. இவள் அவனைக் காட்டினால் வழக்கு நிற்கும். காட்டாவிட்டால் அவன் வெளியே வந்துவிடுவான்.

காட்டுவது என்றால், வரிசையில் நிற்கிறவனின் தோளில் கை வைத்துக் காட்டச் சொல்வார்கள். அதுதான் அவளை உலுக்கியது.

"கண்ணாலயே காட்டுறேனே சார். அவனத் தொடணுமா?"

"தொடச் சொல்லித்தான் கேப்பினம்."

"தொட்ட கைய அவன் புடிச்சுக்கிட்டான்னா?"

"பொலிஸ் பக்கத்தில நிக்கும். பிடிக்க விடாது."

"உங்களுக்கென்ன சார். நீங்க கதிரயத்தானே தொடச் சொல்றீங்க."

உண்மைதான். அது எங்கள் பழக்கம். ஒன்பது பிளாஸ்டிக் கதிரைகளைச் சுவர் ஓரமாக வரிசையாகப் போடுவோம். சாட்சி ஒவ்வொன்றாகக் கடந்து நடந்து, ஏதாவது ஒன்றின் முதுகில் கை வைக்க வேண்டும். நான் கடைசிக் கதிரைக்கு அப்பால், ஜன்னலோரம் நிற்பேன். முதல் நாள் அவளால் முடியவில்லை. உள்ளங்கை கதிரைக்கு ஓர் அங்குலம் மேலே நின்றுவிட்டது. புதன்கிழமை காலை பத்து மணிக்குத் திரும்ப வரச் சொன்னேன்.

போகும்போது அவள் சொன்னாள். "என் போன்ல சார்ஜ் நிக்காதுங்க. முன்னாடி தேத்தண்ணிக் கடையிலதான் போட்டு வைப்பேன். வேற யாராச்சும் எடுத்தா ஒண்ணும் சொல்லாம வச்சிருங்க."

அவள் சொல்லியிருக்கத் தேவையில்லை. வேறு குரல் கேட்டால் துண்டிக்க வேண்டும் என்பது எங்கள் முதல் விதி. புதிதாக வருகிறவர்களுக்கு அதைக் கற்றுக்கொடுப்பதே நான்தான்.

செவ்வாய்க்கிழமை மாலை 4.20. பத்து மணியை மூன்று மணியாக மாற்றுவதற்காக அவளை அழைத்தேன். காரணம் எழுத வெட்கமாக இருக்கிறது. காலையில் எனக்குத் தனியாக இருக்க வேண்டும்போல் இருந்தது. அவ்வளவுதான்.

"ஹலோ." ஆண் குரல்.

நான் துண்டிக்கவில்லை. பேசவும் இல்லை. காத்திருந்தேன்.

அவனும் காத்திருந்தான்.

பின்னால் கிளாஸ் கழுவும் சத்தம். யாரோ சிங்களத்தில் தேத்தண்ணி கேட்டார்கள். இவன் மூச்சுக்கூட விடவில்லை. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். அப்படி ஒரு மௌனத்தை நான் சந்தித்ததில்லை. அது என்னுடையதைவிடப் பெரியது...

நான்தான் முதலில் பேசினேன்.

"பழனியம்மாவை நாளைக்குப் பத்துக்கு இல்லை, மூண்டு மணிக்கு வரச் சொல்லுங்கோ. வெள்ளவத்தைக்கு."

"வெள்ளவத்தையில எங்க?"

ஒழுங்கையின் பெயரைச் சொன்னேன். தையல் கடையைச் சொன்னேன். மாடிப்படியையும் சொன்னேன்.

"சொல்றேன்."

நேரம் 4.23. அழைப்புப் பதிவேட்டில் நான் எழுதியது: 'பதில் இல்லை.'

புதன்கிழமை மத்தியானத்திலிருந்தே மழை. மூன்று மணிக்குக் கதிரைகளைப் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். 3.07க்குப் படியில் காலடி. நிதானமாக, ஒவ்வொரு படியாக. எங்கள் மரப்படியில் பூனை ஏறினாலும் ஆறாவது படி முனகும். அன்று முனகவில்லை.

பழனியம்மா வாசலில் நின்றாள். பச்சைச் சேலை. தலை நனைந்து ஒட்டியிருந்தது. வழக்கமாகச் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்து, "வரலாங்களா சார்" என்று கேட்பாள். அன்று கேட்கவில்லை. செருப்பும் இல்லை. கையில் எப்போதும் இருக்கும் துணிப்பையும் இல்லை.

வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தாள்.

பயந்திருக்கிறாள் என்று நினைத்தேன். வழக்கம்போல மௌனமாக இருந்தேன்.

3.20. நிம்றா கதவைத் திறந்து பிளேன்டீ கொண்டுவந்தாள். ஒரு கோப்பை. ஒன்றே ஒன்று. வந்தவளை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது; ஆனால் சாட்சி முன்னால் காட்டவில்லை.

"ஏசி போட்டீங்களா சேர்? இப்பிடிக் குளிருது."

ஏசி போடவில்லை. நிம்றா போய்விட்டாள்.

பிறகுதான் கவனித்தேன். பழனியம்மாவின் முந்தானையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. சொட்டுகள் விழுவதைக் கண்ணால் பார்த்தேன். தரையில் ஈரம் இல்லை.

வந்த வாடையும் மழை வாடை இல்லை. உப்பு. அழுகிய கடற்பாசி.

3.35. கரையோர ரயில் போனது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மேசையில் தேநீர் நடுங்கியது.

சத்தம் மட்டும் கேட்கவில்லை.

அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் இமைக்கவில்லை. அது பேச முடியாதவளின் மௌனம் அல்ல. பேச வேண்டியவன் நான் என்று அவள் காத்திருந்தாள். இதே மௌனத்தை எங்கோ கேட்டிருக்கிறேன்...

நேற்று. 4.20க்கு.

மீண்டும் நான்தான் முதலில் பேசினேன்.

"தொடங்குவமா, பழனியம்மா?"

எழுந்தாள்.

நான் என் இடத்துக்குப் போய் நின்றேன். ஜன்னலோரம். கடைசிக் கதிரைக்கு அப்பால்.

முதல் கதிரை. கை உயர்ந்தது. ஓர் அங்குலம் மேலே நின்றது. தாழ்ந்தது.

இரண்டாவது. மூன்றாவது.

ஈரக் கால் தரையில் ஒட்டிப் பிரியும் சத்தம்... சப்... சப்...

ஐந்து. ஆறு.

"அவசரமில்லை," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

எட்டு.

ஒன்பது.

அங்கே நிற்க வேண்டும். அதோடு வரிசை முடிகிறது.

நிற்கவில்லை.

சப்...

என் வலது தோளில் கை.

கடலடிக் கல்போலக் கனம். குளிர் எலும்புக்குள் இறங்கியது.

காதருகே, மிகத் தெளிவாக:

"இவருதாங்க."

கண்ணை மூடிக்கொண்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. திடீரென ரயில் சத்தம் காதைக் கிழித்தது. கண் திறந்தேன். 4.05.

ஒன்பது கதிரைகள். காய்ந்த தரை. யாரும் இல்லை.

என் நீலச் சட்டை மட்டும் வலது தோளிலிருந்து முழங்கை வரை நனைந்திருந்தது.

வெளியே ஓடினேன். "பழனியம்மா போயிட்டாவோ?"

நிம்றா என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "அவ எங்க சேர் வந்த? நான் இந்த எடத்த உட்டு எழும்பவே இல்ல. நீங்கதான் தனிய ஒக்காந்து முன்னுக்குள்ள கதிரயப் பாத்துக்கொண்டு ஈந்தீங்க. வழமதானே எண்டு டீய வெச்சிட்டு வந்தன்."

4.40க்குப் பொலிஸிலிருந்து அழைப்பு வந்தது. அன்று காலை ஆறரை மணிக்கு எங்கள் ஒழுங்கையின் முடிவில், ரயில் பாதைக்கு அப்பால், கடற்கரைப் பாறைகளுக்கு இடையில் ஒரு பெண்ணின் உடல் கிடைத்திருந்தது. பச்சைச் சேலை. இடுப்பில் செருகியிருந்த சிறு பர்ஸில் எங்கள் அலுவலக அட்டை.

மீதியை மாலையில் ஒரு பொலிஸ் அதிகாரி வந்து சொன்னார். செவ்வாய் மாலை தேத்தண்ணிக் கடையில் யாரோ ஒருவன் அவளிடம், வெள்ளவத்தை அலுவலகத்திலிருந்து அழைத்தார்கள், இன்றைக்கே ஏழரைக்கு வரச் சொன்னார்கள் என்று சொல்லியிருக்கிறான். பக்கத்து அறைப் பெண்ணிடம் அவள் அப்படிச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினாள். தையல் கடைக் கமராவில் 7.32க்கு அவள் வருகிறாள். நாங்கள் ஐந்து மணிக்கே பூட்டிவிடுவோம். இருட்டில், எங்கள் கதவு மணியை அழுத்துகிறாள். திரும்பத் திரும்ப. இருபது நிமிடம். பிறகு ஒருவன் ஒழுங்கைக்குள் வருகிறான். அவன் முகம் தெரியவில்லை.

அவள் இங்கே வருவது யாருக்காவது தெரியுமா, நீங்கள் யாரிடமாவது சொன்னீர்களா என்று அதிகாரி சிங்களத்தில் கேட்டார். நிம்றா பதிவேட்டைத் திறந்து காட்டினாள். 'பதில் இல்லை.'

"நே," என்றேன். இல்லை.

அன்றிரவே காய்ச்சல். வியாழக்கிழமை முழுவதும் ஹெவ்லொக் டவுனில் என் வீட்டுக் கட்டிலைவிட்டு இறங்கவில்லை. காலை 10.10க்கு நிம்றா வீட்டுத் தொலைபேசிக்கு அழைத்தாள், பேசினேன். அதை எதற்காகச் சொல்கிறேன் என்பது இப்போது புரியும்.

அன்று அணிவகுப்பு நடந்தது. சாட்சியாகப் பதியுதீன் மட்டும் போனார். வரிசையைக் கடந்து நடந்தார். யாரையும் தொடவில்லை. சந்தேகநபர் சில நாட்களில் வெளியே வந்துவிட்டான்.

இரண்டு வாரம் கழித்து, தூக்கம் வருவதில்லை என்று பதியுதீனை மகள் எங்களிடம் கூட்டிவந்தாள். அதற்கு முன் நான் அவரைப் பார்த்ததில்லை. அவரும் என்னைப் பார்த்ததில்லை. ஆனால் அறை வாசலில் என்னைக் கண்டதும் அவர் முகம் வெளுத்தது. சுவரைப் பிடித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார்.

கண்ணைத் தரையிலேயே வைத்திருந்தார்.

"லைன்ல எத்தின பேர நிப்பாட்டுற மகன்?" என்று கேட்டார்.

"அண்டைக்கு ஒன்பது பேர்."

"நான் பத்து எண்ணினேன்." தலையை நிமிர்த்தாமலே சொன்னார். "கடசி ஆள் நீங்க. நீலச் சேர்ட்."

"நான் அங்க வரேல்லை."

"வந்தீங்களோ இல்லயோ, நிண்டீங்க. பொறத்தால ஒரு பொம்புள. தல நனஞ்சி. ஒங்கட தோள்ல கைய வெச்சிக்கொண்டு ஈந்தா."

என் வலது தோள் குளிர்ந்தது.

"படியால இறங்கி வந்த ஆளை உங்களுக்கு அடையாளம் தெரியேல்லையோ ஐயா?"

"ஏன் தெரியாம? நாலாவதா நிண்டான்."

"அப்ப ஏன் தொடேல்லை?"

முதல் தடவையாக என் கண்ணைப் பார்த்தார்.

"ஏற்கெனவே ஒருத்தி தொட்டுட்டாளே, மகன். அவ என்னய விட நல்லாப் பாத்தவ. சரியான ஆளத்தான் தொட்டிருப்பா எண்டு நெனச்சேன்."

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. நானும் பேசவில்லை. பேச வேண்டியது எனக்கு இருந்தது. இன்றுவரை யாரிடமும் அதைச் சொல்லவில்லை.

4.05. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ரயில் போய்க்கொண்டிருந்தது. பதியுதீன் காதைப் பொத்திக்கொண்டார்.

எனக்குச் சத்தம் கேட்கவில்லை...