இத்தாலி பைக்கும் என் கையெழுத்தும்

1. இருபது ஷாஃப்ட்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில், மெஷினிலிருந்து வரும் பாகங்களை அளந்து பார்த்து முப்பது வருஷம் இன்ஸ்பெக்‌ஷன் பார்த்தவள் நான். மயிரிழை வரை அளக்கும் என் மைக்ரோமீட்டர் மேல் எனக்கிருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. ரிட்டயர் ஆவதற்கு ஒரு வருஷம் முன்னால் இத்தாலியிலிருந்து வந்த ஒரு மெயில் அதை இறக்கி வைத்தது.

அங்கே ஒரு சின்ன பைக் கம்பெனி மூடிப் பல வருஷம் ஆகியிருந்தது. அதைத் தொடங்கியவரின் பேத்தி லூச்சியா, பழைய வண்டிகளுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் செய்து கம்பெனிக்கு மறுபடி உயிர் கொடுக்கப் பார்த்தார். டிராயிங் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அதனால் ஓடிய வண்டியிலிருந்து கழற்றிய ராக்கர் ஷாஃப்ட் ஒன்றை எங்களுக்கு அனுப்பினார். எஞ்சினுக்குள் இருக்கும் விரல் நீளக் கம்பி அது. அதே மாதிரி இருபது வேண்டும். சரியாக வந்தால் மற்ற பாகங்களும் எங்களுக்குத்தான்.

அளந்தேன். நடுவில் மட்டும் கனம் ஒரு மயிரிழை குறைவு. டிசைனே அப்படித்தான் என்று ரிப்போர்ட் எழுதினேன். கிரைண்டிங் ஆபரேட்டர் கோபி அந்த இடத்தை நகத்தால் தடவிப் பார்த்தான்.

"யக்கா, இது தேஞ்ச மாதிரி கீதே?"

"மைக்ரோமீட்டர் பொய் சொல்லாது கோபி. நீ ஓட்டு."

ஓட்டினான். இருபதும் கப்பலேறின. மாட்டிய எஞ்சின் எல்லாம் கடகடக்கிறது என்று மெயில் வந்தது.

2. வீடியோ கால்

லூச்சியா அனுப்பிய சாம்பிளை எடுத்து, கால் வட்டம் திருப்பி அளந்தேன். அந்தப் பக்கம் தேயவே இல்லை. டிசைன் என்றால் சுற்றிலும் அதே அளவு குறைந்திருக்கும். ஒரு பக்கம் மட்டும் அளந்துவிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வெட்கத்தில் காது சுட்டது.

"மெட்டீரியல் மேல பழிய போட்டுடலாம்மா. ஆர்டர் போயிடக் கூடாது" என்றார் முதலாளி.

"கையெழுத்து என்னோடது சார். நானே சொல்லிடறேன்."

வீடியோ காலில் லூச்சியாவிடம் ஒளிக்காமல் சொன்னேன். அவர் சிரித்துவிட்டுத் தன் தாத்தா கதையைச் சொன்னார். தாத்தாவும் அவர் தம்பியும் வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் பம்ப் செய்தவர்களாம். முதன்முதலில் செய்த பைக்கில், பெட்ரோல் டேங்க் மூடி ஹேண்டில்பாரில் இடித்துத் திறக்கவே வரவில்லையாம். ஹேண்டில்பாரை ஒரு பக்கம் முழுசாகத் திருப்பினால்தான் திறக்கும். அப்படியே அத்தனை வண்டியையும் விற்றுத் தீர்த்தார்களாம்.

"நீங்களாவது தப்பு என்று சொன்னீர்கள். தாத்தா கடைசி வரை அதை டிசைன் என்றுதான் சொன்னார்" என்றார்.

3. இரண்டாவது லாட்

சரியான அளவில் மறுபடி இருபது செய்து அனுப்பினோம். லூச்சியா அவற்றை மாட்டி, எஞ்சின் ஓடும் வீடியோ அனுப்பினார். மெஷின்களை நிறுத்திவிட்டு பட்டறையே என் போனைச் சுற்றி நின்று கேட்டது. கடகடப்பு இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மற்ற பாகங்களின் ஆர்டரும் வந்தது.

இப்போது இன்ஸ்பெக்‌ஷனுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்றுதான் சொல்வேன். பாகத்தைத் திருப்பி வைத்தும் அளந்து பாருங்கள். மெஷின் ஓட்டுகிறவர் சந்தேகப்பட்டால் இன்னொரு தரம் திருப்புங்கள்.

வீடியோ பார்த்த அன்றைக்குக் கோபி கையைத் துடைத்துக்கொண்டே கேட்டான்: "இன்னா யக்கா, மைக்ரோமீட்டர் இப்போ இன்னா சொல்து?"

"உன் நகத்தைக் கேட்டுட்டு வரச் சொல்லுது."